ஆண்டோர் கணக்கும் ஆள்வோர் வாய்ப்பும்

2025ஆம் ஆண்டு பிறந்த கையோடு ஒன்ராறியோ வீடுகளின் தபால்பெட்டிகளில் மாகாண அரசின் 200 டொலர் காசோலைகள் வந்து விழத் தொடங்கின. பெரியவர்களுக்கும் இருநூறு, குழந்தைகளுக்கும் தலைக்கு இருநூறு. எல்லா வீடுகளுக்கும் அவை வந்து சேருமுன்னே, உறைபனிக் காலத்தின் நடுவில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. பெப்ரவரி 27ஆம் நாள் முதல்வர் டக் ஃபோர்ட் தொடர்ந்து மூன்றாம் முறையாகப் பெரும்பான்மை பெற்றார். வாக்குக்குக் கொடுத்த காசு என்றார்கள் எதிர்த்தவர்கள். விலைவாசியால் நொந்த குடும்பங்களுக்கான உதவி என்றார்கள் ஆதரித்தவர்கள். அந்த வழக்கை விட்டுவிடுவோம். அந்தக் காசோலைக்கு ஒரு பரம்பரை உண்டு என்பதே இங்கே சொல்ல வந்தது. 2006 ஜனவரியில் அல்பேர்ட்டாவின் முதல்வர் ரால்ஃப் கிளைன் எண்ணெய் வருமானத்தின் உபரியிலிருந்து ஆளுக்கு 400 டொலர் அனுப்பினார். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன், 1957இல், அதே மாகாணத்தில் ஏர்னஸ்ட் மானிங் எண்ணெய் உரிமைத்தொகையின் பங்கு என்று ஆளுக்கு 20 டொலர் கொடுத்தார். அவருக்கும் முன்னால், 1935இன் பெரும் பொருளாதார மந்தத்தில், மானிங்கின் குருவான வில்லியம் அபர்ஹார்ட் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டொலர் கிடைக்கச் செய்வதாக வாக்களித்தார். நால்வரில் சொன்ன காசைக் கொடுக்க முடியாமற்போனவர் அபர்ஹார்ட் ஒருவரே. அவர் தொடங்கிவைத்த ஆட்சி 36 ஆண்டுகள் நீடித்தது. அதிகம் கொடுத்தவர் கிளைன்; காசோலைகள் போய்ச் சேர்ந்த சில வாரங்களில், 2006 மார்ச் இறுதியில், அவருடைய சொந்தக் கட்சி மாநாடே 55 சதவீத ஆதரவை மட்டும் அளித்து அவரை வீட்டுக்கு அனுப்பும் வழியைத் திறந்தது.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகளும் கருத்துக்கணிப்பாளர்களும் இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். ஒன்று ஆண்ட கட்சி செய்ததும் செய்யத் தவறியதும். மற்றது அது மீண்டும் வெல்லும் வாய்ப்பு. முதற்பட்டியல்தான் இரண்டாவதை எழுதுகிறது என்று நம்புவது இயல்பு. மக்களாட்சியில் நம்பிக்கை உள்ளவர் எவரும் அப்படித்தான் நம்ப விரும்புவார். ஆனால் கனடிய மாகாணங்களின் ஒரு நூற்றாண்டை நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவருக்கு அந்த நம்பிக்கை மெல்லத் தளர்ந்துபோகும். நற்பணி செய்தவர்கள் அதைச் செய்த காரணத்தாலேயே தோற்றிருக்கிறார்கள். பெருங்கடனை வைத்துவிட்டுப் போனவர்களின் பின்மரபினர் வேறு பெயரில் திரும்பி வந்து ஆண்டிருக்கிறார்கள். ஒருவர் நட்டதன் பலனை இன்னொருவர் தன் சாதனையாகத் தேர்தல் மேடையில் காட்டியிருக்கிறார். 1983க்குப் பிறகு அலையலையாக இந்த நாட்டுக்கு வந்த தமிழராகிய நாம், இந்தக் கதையின் நடுவில் நுழைந்தவர்கள். நம் கையிலிருக்கும் சுகாதார அட்டை, நாம் ஏறும் கோ ரயில், கட்டணத்துக்குப் பயந்து நாம் தவிர்க்கும் 407 நெடுஞ்சாலை எல்லாம் நமக்கு முந்தியோ அண்மையிலோ யாரோ எடுத்த முடிவுகள். அவற்றின் நன்மைக்கு வாரிசானவர்கள், அவற்றின் வரலாற்றுக்கும் வாரிசுகளே.

அல்பேர்ட்டாவிலிருந்து தொடங்குவதே பொருத்தம், ஏனெனில் அங்கே இந்த விதி நிர்வாணமாகத் தெரிகிறது. 1905இல் மாகாணம் உருவானபோது லிபரல் கட்சி ஆட்சியில் அமர்ந்தது. 1921இல் ஐக்கிய விவசாயிகள் அதைத் தோற்கடித்தார்கள்; அன்று வெளியேறிய லிபரல்கள் இன்றுவரை திரும்பவில்லை. 1935இல் அபர்ஹார்ட்டின் சமூகக் கடன் கட்சி 63 இடங்களில் 56ஐ வென்றது. பதினான்கு ஆண்டுகள் ஆண்ட விவசாயிகளுக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. அந்த இயக்கம் அரசியலை விட்டு விலகி, இன்றும் எரிபொருளும் பண்ணைப் பொருள்களும் விற்கும் கூட்டுறவாக வாழ்கிறது. ஆட்சியிழந்த கட்சி ஒன்றுக்கு இதைவிடக் கண்ணியமான முதுமை கனடாவில் வேறெங்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. 1971இல் பீட்டர் லொகீட் சமூகக் கடன் கட்சியை வீழ்த்தினார், அதுவும் திரும்பவில்லை. அவருடைய முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 44 ஆண்டுகள் ஆண்டு, 2015இல் வலதுசாரி வாக்குகள் வைல்ட்ரோஸ் கட்சியுடன் இரண்டாகப் பிளந்ததால், அதுவரை நான்கே உறுப்பினர்களைக் கொண்டிருந்த புதிய ஜனநாயகக் கட்சியிடம் தோற்றது. ரேச்சல் நொட்லி 54 இடங்களுடன் முதல்வரானபோது ஒரு யுகம் முடிந்ததாகவே எழுதினார்கள். இரண்டே ஆண்டில் பிளந்தவை இணைந்து ஐக்கிய கன்சர்வேட்டிவ் கட்சியாகின. 2019இல் அதே வாக்காளர்கள் அதே பக்கம் திரும்பினார்கள். பாம்பு சட்டையை உரிப்பதுபோல, தோற்ற பெயரோடு அதன் பழைய கணக்கையும் கழற்றிப் போட்டுவிட்டு வலதுசாரி அரசியல் வளர்ந்துகொண்டே இருந்தது.

ஆட்சிகளின் பெருமைக்கு நிலத்தடி அதிர்ஷ்டம் எவ்வளவு காரணம் என்பதையும் அல்பேர்ட்டாவே காட்டுகிறது. அபர்ஹார்ட்டின் அரசு 1936இல் கடன்பத்திரங்களுக்குப் பணம் கட்ட முடியாமல் நின்றது. 1947 பெப்ரவரியில் எட்மன்ரனுக்குத் தெற்கே லெடக்கில் எண்ணெய் பீறிட்டது. அதற்குப் பின் மானிங்கின் நிர்வாகம் சிக்கனத்துக்கும் நேர்மைக்கும் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. அவர் நேர்மையானவர்தான், ஆனால் எண்ணெயில்லாத நேர்மைக்கு அதே 25 ஆண்டு முதல்வர் பதவி கிடைத்திருக்குமா என்பது கேட்கவேண்டிய கேள்வி. லொகீட் ஒருவரே அந்த அதிர்ஷ்டத்தை நாளைக்கென்று எடுத்துவைக்க முயன்றார். 1976இல் அவர் தொடங்கிய பாரம்பரியச் சேமிப்பு நிதியத்தில் எண்ணெய், எரிவாயு வருமானத்தின் 30 சதவீதம் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பங்கு பிறகு குறைக்கப்பட்டது, 1987இல் நிறுத்தப்பட்டது. நோர்வே தன் எண்ணெய் நிதியத்தில் முதற்பணத்தை இட்டது 1996இல், அதாவது அல்பேர்ட்டாவுக்கு இருபது ஆண்டுகள் பிந்தி. இன்று நோர்வேயின் கையிருப்பு ஒரு டிரில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டி நிற்கிறது. அல்பேர்ட்டாவினுடையது சில பத்து பில்லியன்களிலேயே நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்காக ஒரு முதல்வரும் தேர்தலில் தோற்கவில்லை. சேமிக்காததற்குத் தண்டனை கொடுக்கும் வாக்காளர் பெரும்பாலும் இன்னும் பிறக்காதவர்.

நொட்லியின் கணக்கும் இதே வழியில்தான் போயிற்று. நிலக்கரி மின்நிலையங்களை 2030க்குள் மூடவேண்டும் என்று அவர் அரசு வகுத்த திட்டம் வேலைகளைப் பறிக்கும் என்று தூற்றப்பட்டது. அவர் தோல்விக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. அல்பேர்ட்டா நிலக்கரியால் மின்சாரம் எடுப்பது 2024இலேயே முடிவுக்கு வந்தது, ஐக்கிய கன்சர்வேட்டிவ் கட்சியின் டானியல் ஸ்மித்தின் ஆட்சியில். நொட்லி ஓயாமல் வாதாடிய டிரான்ஸ் மவுண்டன் குழாய்வழி விரிவாக்கமும் அதே 2024இல்தான் இயங்கத் தொடங்கியது. 2023 தேர்தலில் ஸ்மித்துக்கு 49 இடங்கள், நொட்லிக்கு 38. கல்கரியின் சில தொகுதிகளில் கொஞ்சம் வாக்குகள் இடம் மாறியிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

சஸ்காச்சுவானின் கதையை எத்தனை முறை சொன்னாலும் அதன் கசப்பு குறைவதில்லை. 1944இல் ரொமி டக்ளஸின் கூட்டுறவுப் பொதுநலவாயக் கூட்டமைப்பு, கோதுமையும் கடனும் மட்டுமே விளைந்த ஏழை மாகாணத்தில் 52 இடங்களில் 47ஐ வென்று, வட அமெரிக்காவின் முதல் சமதர்ம அரசை அமைத்தது. 1947இல் மருத்துவமனைக் காப்புறுதி வந்தது. பதினைந்து ஆண்டுகள் கடனை அடைத்து, பணம் சேர்த்து, 1962 ஜூலை முதலாம் நாள் பொது மருத்துவக் காப்புறுதியான மெடிகெயரைத் தொடங்கியபோது டக்ளஸ் கூட்டாட்சி அரசியலுக்குப் போய்விட்டார். பொறுப்பு வுட்ரோ லொயிடின் தலையில் இருந்தது. மருத்துவர்கள் 23 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முந்திய மாதம்தான் கூட்டாட்சித் தேர்தலில் ரெஜைனா தொகுதி டக்ளஸைத் தோற்கடித்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் லொயிடும் ஆட்சியை இழந்தார். அவரை வென்ற லிபரல் தலைவர் ரொஸ் தச்சர் மெடிகெயரை ஒழிக்கவில்லை. ஒழிக்கமுடியாத அளவுக்கு அது வேர்விட்டிருந்தது. 1969இல் அது ஒன்ராறியோவுக்கும் வந்தது, அந்த எண்ணத்தைக் கடுமையாக எதிர்த்த ஜோன் ரொபார்ட்ஸின் கன்சர்வேட்டிவ் ஆட்சியிலேயே. 2004இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பொன்றில் கனடியர்கள் டக்ளஸைத் தங்கள் வரலாற்றின் மாமனிதராகத் தேர்ந்தார்கள். பலனுக்கும் பாராட்டுக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள். அதற்குள் எத்தனை தேர்தல்கள்!

ஆனால் அதே மாகாணத்தின் அடுத்த அத்தியாயம் டக்ளஸின் கட்சி அபிமானிகள் விரும்பிச் சொல்லாதது. 1982இல் 64 இடங்களில் 55ஐ வென்ற கிராண்ட் டிவைனின் முற்போக்கு கன்சர்வேட்டிவ் அரசு, வரிச்சலுகையும் அடமானக்கடன் உதவியும் தாராளமாக வழங்கி, 1991இல் மாகாணத்தைக் கடனில் மூழ்கவிட்டுப் போனது. பிறகு வந்த ரோய் ரொமனோ புதிய ஜனநாயகக் கட்சிக்காரர், டக்ளஸின் நேர் வாரிசு. கணக்கைச் சரிக்கட்ட 1993இல் 52 கிராமப்புற மருத்துவமனைகளின் கதவை அவர் மூடவேண்டியதாயிற்று. கடன் வாங்கியவர்கள் யார் என்பதை மறந்த கிராமங்கள், மருத்துவமனையை மூடியவர் யார் என்பதை இன்னும் மறக்கவில்லை. டிவைனின் கட்சியில் பலர் சட்டமன்றப் படிப்பண மோசடியில் தண்டிக்கப்பட்டபின், 1997இல் நான்கு கன்சர்வேட்டிவ்களும் நான்கு லிபரல்களும் சேர்ந்து சஸ்காச்சுவான் கட்சி என்ற புதுப்பெயரை உண்டாக்கினார்கள். அது 2007இலிருந்து தொடர்ந்து ஆள்கிறது. 2024இல் ஐந்தாம் முறை வென்றபோது அதன் 34 இடங்கள் பெரும்பாலும் நாட்டுப்புறத்திலிருந்தே வந்தன. புதிய ஜனநாயகக் கட்சியின் 27இல் மிகப்பல ரெஜைனா, சஸ்கற்றூன் நகரங்களுக்குள் அடங்கின. முப்பது ஆண்டுக்கு முந்திய மருத்துவமனைப் பூட்டுகள் மட்டுமே அந்தப் பிளவுக்குக் காரணமென்று சொன்னால் அது மிகை. அவற்றைச் சொல்லாமல் விளக்கவும் முடியாது. இன்னொரு திருப்பத்தையும் குறிப்பிடவேண்டும். 1970களில் புதிய ஜனநாயகக் கட்சி முதல்வர் அலன் பிளேக்னி பொட்டாஷ் சுரங்கங்களை அரசுடைமையாக்கினார்; 1989இல் டிவைன் அவற்றைத் தனியாருக்கு விற்றார்; 2010இல் ஆஸ்திரேலிய நிறுவனமொன்று அந்தக் கம்பெனியை வாங்க வந்தபோது, இது நம் மண்ணின் வளம் என்று எழுந்து நின்று தடுத்தவர் சந்தைப் பொருளாதாரத்தின் அபிமானியான சஸ்காச்சுவான் கட்சி முதல்வர் பிராட் வோல். பிளேக்னி பேசியிருக்கவேண்டிய வசனத்தை அவர் எதிரணி பேசிக் கைதட்டல் வாங்கியது.

மலைகளுக்கு அப்பால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தேர்தல் வாய்ப்பு என்பது நெடுங்காலமாக ஒரே ஓர் அச்சத்தைச் சுற்றிவந்திருக்கிறது: இடதுசாரிகள் வந்துவிடக்கூடாது. 1941இல் லிபரலும் கன்சர்வேட்டிவும் அதற்காகவே கூட்டணி கண்டன. கூட்டணி கசந்ததும், தாங்கள் பிரிந்து நின்றாலும் வாக்குகள் ஒருவருக்கொருவர் கைமாற வேண்டுமென்று 1952 தேர்தலுக்கு விருப்பவரிசை வாக்குமுறையைக் கொண்டுவந்தார்கள். மக்கள் இரண்டாம் விருப்பத்தைத் தாராளமாக அளித்தார்கள், ஆனால் அவர்களுக்கல்ல. சமூகக் கடன் கட்சிக்கு 19, இடதுசாரிகளுக்கு 18. சட்டத்தை வகுத்த இரு கட்சிகளும் ஒடுங்கிப்போயின. கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து வெளியேறிச் சமூகக் கடன் கட்சியில் சேர்ந்திருந்த டபிள்யூ.ஏ.சி. பென்னட் முதல்வராகி, அடுத்த தேர்தலில் பெரும்பான்மை பெற்றதும் அந்த வாக்குமுறையை ஒழித்துவிட்டு இருபது ஆண்டுகள் ஆண்டார். தனியார் தொழிலின் காவலரென்று பேர் வாங்கிய அவரே 1961இல் மின்நிறுவனத்தை அரசுடைமையாக்கினார் என்பதைத் தத்துவவாதிகள் கவனிக்கட்டும். 1972இல் அவரை வென்ற புதிய ஜனநாயகக் கட்சியின் டேவ் பரட் மூன்றே ஆண்டுகளில் விவசாய நிலப் பாதுகாப்பும் அரசு வாகனக் காப்புறுதியும் கொண்டுவந்தார். 1975இல் தோற்றார், தன் தொகுதியையும் இழந்தார். வென்றபோதும் தோற்றபோதும் அவர் கட்சிக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரே அளவு வாக்கு, 39 சதவீதம். மாறியது எதிர்ப்பக்கத்தின் ஒற்றுமை மட்டுமே. 1996இல் அதே கட்சியின் கிளென் கிளார்க் வென்றதும் அதே 39 சதவீதத்தில்தான், அதுவும் தோற்ற லிபரல்களைவிடக் குறைந்த வாக்கில். பரட்டை வீழ்த்திய பென்னட்டின் மகன் அவருடைய நிலச் சட்டத்தையும் காப்புறுதியையும் அகற்றவில்லை. இரண்டும் இன்றும் இருக்கின்றன.

அந்த ஒற்றுமைக்குப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன: கூட்டணி, சமூகக் கடன், பி.சி. லிபரல், பி.சி. யுனைட்டட். 2001இல் 79 இடங்களில் 77ஐ அள்ளிய கட்சி, 2023இல் தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்டு, 2024 ஓகஸ்ட் இறுதியில் தேர்தலுக்கு ஏழு வாரங்கள் இருக்கையில் பிரசாரத்தையே நிறுத்திக்கொண்டது. முந்திய தேர்தலில் இரண்டு சதவீதத்தைக்கூட எட்டாத கன்சர்வேட்டிவ் கட்சி ஒரே தாவலில் 44 இடங்களைப் பிடிக்க, டேவிட் ஈபியின் புதிய ஜனநாயகக் கட்சி 93இல் 47ஐக் கொண்டு தப்பியது. பெயர் புதிதாக இருந்ததால், எதிர்த்து நின்றவர்கள் முன்பு ஆண்டபோது செய்ததைப் பற்றி எவரும் அவர்களைக் கேட்கமுடியவில்லை. பழைய பதினாறு ஆண்டுக் கணக்கு உரிமையாளர் இல்லாத சொத்தாகக் கிடந்தது.

ஒன்ராறியோவில் பெயர்கள் மாறவில்லை, மனிதர்கள் மாறினார்கள். 1943 தொடங்கி 1985 வரை 42 ஆண்டுகள் முற்போக்கு கன்சர்வேட்டிவ்கள் ஆண்டார்கள். டிரூ, ஃப்ரொஸ்ட், ரொபார்ட்ஸ், டேவிஸ் என்று தலைவர் மாறும்போதே ஆட்சி மாறிய நிறைவு மக்களுக்குக் கிடைத்தது. சமுதாயக் கல்லூரிகளும் கோ ரயிலும் அந்தக் காலத்தின் கொடைகள். நம்மில் முந்தி வந்தவர்கள் விமானம் இறங்கியது பில் டேவிஸின் அந்திக்காலத்தில். 1985இல் டேவிட் பீட்டர்சன் புதிய ஜனநாயகக் கட்சியின் துணையுடன் ஆட்சிக்கு வந்தார். 1987இல் 130இல் 95 இடம் பெற்றார். மூன்று ஆண்டுகூட ஆகுமுன், வெற்றி நிச்சயம் என்ற கணிப்பை நம்பி 1990இல் தேர்தலுக்குப் போனார். வாய்ப்பைப் பார்த்து ஆட்சிக்காலத்தைச் சுருக்கிய அந்த அவசரத்தையே மக்கள் குற்றமாகக் கண்டார்கள். 37 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்கில் 74 இடங்களுடன் பொப் ரே முதல்வரானார். அவர் ஆயத்தமாக இருக்கவில்லை. அவரைவிட ஆயத்தமின்றி இருந்தது பொருளாதாரம். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, பற்றாக்குறை பெருகியது, 1993இல் அரசு ஊழியர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பைக் கட்டாயமாக்கிய சமூக ஒப்பந்தம் வந்தது. தொழிற்சங்கங்கள் பெற்று வளர்த்த கட்சி தொழிற்சங்கங்களின் ஒப்பந்தங்களைத் திறந்து மாற்றியது. முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த விடுப்பு நாள்கள் ரேயின் பெயராலேயே வழங்கப்படுகின்றன. ரே பின்னர் லிபரல் கட்சியில் சேர்ந்து அதன் இடைக்காலத் தலைவராகவும் இருந்துவிட்டார். கடன் அவரைவிட்டுப் போகவில்லை, கட்சியைவிட்டும் போகவில்லை.

அவருக்குப் பின் வந்த மைக் ஹாரிஸின் ஆட்சியை நம்மவர் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். உதவிப்பணத்தில் வெட்டு, பள்ளிகளில் வெட்டு, 1998இல் ஸ்காபரோ ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. அவர் வாக்களித்ததைச் செய்தார், செய்ததால் 1999இல் மீண்டும் வென்றார். அந்த அளவில் மாகாண அரசியலில் அரிதான நேர்வழி அது. ஆனால் 2000 மே மாதம் வோக்கர்ரன் ஊரின் குடிநீரில் கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஊர்ப் பணியாளர்களின் பிழையோடு அரசின் செலவுக்குறைப்பும் காரணமென்று நீதிபதி டென்னிஸ் ஓகோனரின் விசாரணை கண்டது. ரேயின் அரசு தொடங்கிய 407 நெடுஞ்சாலையை ஹாரிஸ் 1999 தேர்தலுக்குச் சற்று முன் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஏறத்தாழ 3.1 பில்லியன் டொலருக்கு விட்டார். அந்தப் பணம் ஓர் ஆண்டு வரவுசெலவை அழகாக்கியது. குத்தகை 2098 வரை ஓடும். லிபரல்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 1906இல் ஒரு கன்சர்வேட்டிவ் அரசு பொதுமக்களின் சொத்தாக நிறுவிய மின்சாரத்துறையின் வழியில் வந்த ஹைட்ரோ வண்ணின் பெரும்பங்கை விற்கத் தொடங்கியது 2015இல் கத்லீன் வின்னின் அரசு. 2018இல் பதினைந்து ஆண்டு லிபரல் ஆட்சி ஏழே இடங்களுக்குச் சுருங்கியதில் மின்கட்டணத்துக்கும் அந்த விற்பனைக்கும் பங்குண்டு.

வாய்ப்புகளைப் பற்றி இனிச் சொல்வதென்றால், கருத்துக்கணிப்பைவிடப் பழைய ஒழுங்குகளே எனக்கு நம்பிக்கை தருகின்றன, அவையும் முழுமையாக அல்ல. ஒட்டாவாவில் ஆளும் கட்சிக்கு எதிரானதைக் குயின்ஸ் பார்க்கில் அமர்த்தித் துலாக்கோலைச் சமன் செய்வார்கள் ஒன்ராறியோ மக்கள் என்று வரலாற்றாளர் ஃபிராங்க் அண்டர்ஹில் முன்னொரு காலத்தில் எழுதிவைத்தார். மல்ரோனி வந்த மறு ஆண்டு பீட்டர்சன், கிரெட்சியன் வந்த இரண்டாம் ஆண்டு ஹாரிஸ், ஜஸ்டின் ட்ரூடோ வந்த மூன்றாம் ஆண்டு ஃபோர்ட் என்று நிகழ்ச்சிகள் அவருக்குச் சாட்சி சொல்கின்றன. 2003இல் டோல்ரன் மக்கின்ரி வென்றது விதிவிலக்கு. இது உண்மையானால், 2025 ஏப்ரலில் மார்க் கார்னி வென்றதைக் கண்டு ஒன்ராறியோ லிபரல்கள் மகிழ்ந்திருக்கத் தேவையில்லை. அவர்களுடைய நோய் வேறு. 2025இல் மாகாணம் முழுதும் 30 சதவீத வாக்குப் பெற்று 14 இடங்கள்தான் கண்டார்கள். 19 சதவீதத்தைக்கூட எட்டாத புதிய ஜனநாயகக் கட்சி 27 இடங்களுடன் எதிர்க்கட்சி ஆனது. வாக்கு எங்கும் மெல்லப் பரவிக்கிடப்பதும் சில இடங்களில் திரண்டு நிற்பதும் ஒன்றல்ல. இந்த இருவரும் ஒரே வாக்காளரை இழுத்துக்கொண்டிருக்கும்வரை ஃபோர்டின் 43 சதவீதம் 80 இடங்களாகப் பெருகிக்கொண்டே இருக்கும், அவருடைய ஆட்சிக் கணக்கு எதுவாக இருந்தாலும். வாக்களித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வெற்றியின் அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்பது புலப்படும்.

கியூபெக்கில் இந்த முரண் மூன்று முறை ஆட்சியையே தீர்மானித்திருக்கிறது: 1944, 1966, 1998 ஆகிய மூன்றிலும் குறைந்த வாக்குப் பெற்றவர்களே ஆண்டார்கள். அங்கே டுப்ளெசியின் யூனியன் நசியனால், பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அசைக்கமுடியாததாக நின்ற கட்சி, இன்று பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. 2022இல் மூன்றே இடங்களுடன் முடிந்துபோனதாக எண்ணப்பட்ட பார்ட்டி கியூபெக்குவா பிறகு இடைத்தேர்தல்களில் வென்று கணிப்புகளில் முன்னுக்கு வந்தது. இறந்த கட்சிக்கு அங்கே கண்ணீர் விடுவதும் பிழை, வென்ற கட்சிக்குக் கோயில் கட்டுவதும் பிழை. மனிற்றோபா மக்கள் இரண்டு கட்சிகளை மட்டும் மாறிமாறி நம்புகிறார்கள்; 2023இல் வாப் கினியூ அங்கே வென்று, மாகாணமொன்றின் முதல்வரான முதலாவது முதற்குடித் தலைவரானார். நியூ பிரன்சுவிக் 1987இல் எல்லா 58 இடங்களையும் ஒரே கட்சிக்குக் கொடுத்து, எதிரே உட்கார ஆளில்லாத சட்டமன்றத்தைப் பார்த்தது.

ஆனால் ஆட்சிக் கணக்கும் வாய்ப்பும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்குக் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்தைப் பார்க்கவேண்டும். 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அந்தக் கரையின் மீனவர்கள் மீட்டார்கள் என்பதால் நமக்கும் அந்த மாகாணத்தோடு ஒரு கடன் உண்டு. நம்மவர் அங்கே கரையேறிய அந்த ஆண்டில் முதல்வர் பிரயன் பெக்ஃபர்ட் ஒரு மின் ஒப்பந்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1969இல், ஜோய் ஸ்மால்வுட்டின் லிபரல் ஆட்சிக்காலத்தில், லாப்ரடோரின் சேர்ச்சில் ஃபோல்ஸ் மின்சாரம் 2041 வரை மிகமிகக் குறைந்த விலைக்கு ஹைட்ரோ-கியூபெக்குக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. எழுதப்பட்ட அன்று அது சாதனை. எண்ணெய் விலை ஏறிய 1970களில் அது காயமாயிற்று. 1984இல் உச்சநீதிமன்றம் மாகாணத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, 2018இலும் அப்படியே. அந்தக் காயத்துக்கு மருந்தாகவே கன்சர்வேட்டிவ் முதல்வர் டானி வில்லியம்ஸ் 2010இல் மஸ்க்ராட் ஃபோல்ஸ் திட்டத்தை அறிவித்துவிட்டு, புகழின் உச்சியில் பதவி விலகினார். செலவு 13 பில்லியன் டொலரைத் தாண்டியது. ஐந்தரை இலட்சம் மக்கள் வாழும் மாகாணம் அதன் வட்டியைச் சுமந்தது. சுமையைத் தூக்கியவர்களும் அதற்காக ஏச்சு வாங்கியவர்களும் பின்வந்த லிபரல்கள். 2024 டிசம்பரில் அவர்கள் கியூபெக்குடன் ஓர் உடன்பாட்டு வரைவில் கையெழுத்திட்டு, 1969இன் விலையை 2041க்கு முன்பே மாற்றவும் புதிய அணைகள் கட்டவும் வழி கண்டார்கள். கைக்கு எட்டிய அந்த வெற்றியோடு 2025 ஒக்டோபரில் மக்களிடம் போனார்கள்; தோற்றார்கள். வென்ற ரோனி வேக்கம், உடன்பாட்டைச் சுயாதீனமாக மீளாய்வு செய்யவேண்டும் என்று பிரசாரம் செய்தவர். அந்த மீளாய்வுக்குப் பின் எஞ்சும் ஒப்பந்தம் கூடுதல் பணத்தைக் கொண்டுவருமானால், அதை வாங்கி வரவுசெலவில் எழுதப்போவது கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர்.